பதினெட்டு வோல்ட்

பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் யூனிட்டில் தங்கதுரை எலக்ட்ரீசியனாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆன பிறகுதான் அவர் கிட்டார் வாசிப்பார் என்று எனக்குத் தெரிந்தது. ஆறு வருடமும் தினம் இரண்டு வேளை அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எந்த மெஷின் நின்றது, எந்த மோட்டார் சூடாகிறது என்பதைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை.

என் பெயர் தரணீதரன். என் அப்பா ஆத்தப்பன் நான்கு மெஷினோடு தொடங்கிய யூனிட் இது. இப்போது இருபத்தெட்டு ஓடுகின்றன. கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் கிட்டார் பழகினேன். திருப்பூருக்குத் திரும்பி அப்பாவோடு ஆபீசில் உட்கார்ந்த பிறகும் அதை விடவில்லை. என்னைப் போலவே பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தோம். கல்யாண வரவேற்பு, சங்கத்து விழா என்று வருடத்துக்கு ஐந்தாறு மேடை கிடைக்கும்.

போன வருடம் பெங்களூரில் ஒருவரிடமிருந்து ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் கனம். நல்ல பெட்டிதான், ஆனால் அதில் ரிவெர்ப் கிடையாது. பெரிய மண்டபத்தில் கைதட்டினால் சத்தம் சட்டென்று நிற்காமல் நாலு சுவரையும் தொட்டுவிட்டு மெல்ல அடங்கும் அல்லவா, அந்த நீட்சிதான் ரிவெர்ப். அது இல்லாமல் வாசித்தால் சத்தம் வறண்டு, ஒவ்வொரு பிழையும் தனித்தனியாகக் கேட்கும். ஆகவே ரிவெர்ப் பெடல் என்ற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டினேன். எல்லாம் குழம்பிச் சேறானது. மூன்று மாதம் அந்தச் சேற்றிலேயே வாசித்தேன். நண்பர்கள் கேட்டபோது, வால்வு சவுண்டு இப்படித்தான் இருக்கும், காதுக்குப் பழக வேண்டும் என்றேன்.

ஒரு சாயங்காலம், பகல் ஷிஃப்ட் முடியும் நேரம், மாடி ஆபீசில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்லியிருந்ததால் தங்கதுரை ஏணியோடு வந்தார். ஏசியைச் சரி பண்ணிவிட்டு ஏணியை மடக்கியவர் போகவில்லை. ஆம்ப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்தப் பெடலை முன்னாடி மாட்டியிருக்கறீங்க. அதைப் பின்னாடி மாட்டோணுமுங்க. இங்க பாருங்க, சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஓட்டை இருக்குதுங்களே, இது அதுக்குத்தானுங்க."

அந்த இரண்டு துளைகளையும் நான் பார்த்திருந்தேன். ஏதோ ரெக்கார்டிங் வேலைக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டிலும் பஞ்சு அடைந்திருந்தது. அவர் ஊதி, சட்டைப் பையிலிருந்த டெஸ்டர் முனையில் துணியைச் சுற்றித் துடைத்தார்.

"இந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு வேலை நடக்குதுங்க. மொதல்ல சத்தத்துக்கு ஒறைப்பு ஏத்தறது. அப்பறம் அதைப் பெருசாக்கி ஸ்பீக்கருக்குத் தள்றது. நீங்க ரிவெர்ப்ப மொதல்லயே போட்டு அனுப்புனா, அந்த இழுவையும் சேர்ந்து ஒறைக்குதுங்க. அதான் கொழகொழன்னு வருது. சாயம் ஏத்தி முடிச்சப்பறந்தானுங்க துணிக்கு சாஃப்ட்னர் போடறோம். அது மாதிரி, ஒறைப்பு ஏறுன பொறகு சத்தத்தை இந்த சென்ட் வழியா வெளிய எடுத்து, ரிவெர்ப் போட்டு, ரிட்டர்ன் வழியா உள்ள உடோணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சர்ச்சுல வாசிக்கறனுங்க. பதனஞ்சு வருசமாச்சு."

இரண்டு சின்ன வயரை மாட்டி, பெடலில் இருந்த குமிழ்களைப் பாதிக்கும் கீழே இறக்கி வைத்தார். பிறகு கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, "ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டுங்களா?" என்றார். கிட்டாரைக் கொடுத்தேன்.

நான்கைந்து சுரம்தான் வாசித்திருப்பார். எதுவும் வித்தை இல்லை. ஒவ்வொன்றும் தெளிவாகப் பிறந்து, அறையை விடப் பெரிய ஓர் இடத்தில் போய் அடங்கியது. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனாலும் அந்த அடக்கம் கேட்டது. என் ஆம்ப்பில் அப்படி ஒரு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. என் கையால் ஒருநாளும் அது வந்ததும் இல்லை.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நானும் இதைத்தான் ட்ரை பண்ணலாம்னு இருந்தேன்" என்றேன்.

"ஆமாங்க சார், நீங்களே கண்டுபுடிச்சிருப்பீங்க" என்று கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார். "ஒரே ஒரு விசயமுங்க. இது ஒரே லைன்ல போய் வருது. நூலு அறுந்தா மெஷின் நிக்கறாப்பல, பெடல் செத்துச்சுன்னா ஆம்ப்பும் ஊமையாயிரும். அப்படி ஆச்சுன்னா பயந்துக்காதீங்க. பின்னாடி ரெண்டு வயரையும் புடுங்கிப் போட்டா ஆம்ப் தானாப் பேசும். ரிவெர்ப் மட்டுந்தான் இருக்காது."

அடுத்த வாரம் பேண்டு நண்பர்கள் வந்து கேட்டுவிட்டு அசந்து போனார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் சிவபிரகாஷ், "இதை எங்கடா படிச்சே?" என்றான். யூடியூபில் பார்த்தேன் என்றேன். கீழே மெஷின்களுக்கு நடுவில் தங்கதுரை நின்றுகொண்டிருந்தார். மாடிப்படிக் கண்ணாடி வழியே அவர் தலை தெரிந்தது.

ஆகஸ்டில் எங்கள் தொழில்காரர்கள் சங்கத்தின் குடும்ப விழா வந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். எல்லோரும் ஒருவருக்கொருவர் பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்தவர்கள், நூல் வாங்கித் துணி விற்றவர்கள். நானூறு பேர் வருவார்கள். எங்கள் பேண்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினார்கள். நான் தங்கதுரையைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகைங்க சார். நாந்தான் வாசிக்கோணும்."

"மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும்ல? முடிஞ்சதும் வந்துருங்களேன்."

"இல்லீங்க, அதுக்கு மேலதான் காணிக்கைப் பொருள் ஏலமெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க, வேற ஆளை வாசிக்கச் சொல்லிக்கறனுங்க" என்றார். கதவு வரை போனவர் திரும்பி வந்தார். "ஊட்டுலயும் புள்ளையும் பொழுதோட வந்து பாக்கலாமுங்களா? நான் மேடையில செட் பண்றேன்னு சொன்னா புள்ள சந்தோசப்படும்."

"தாராளமா வரட்டும்" என்றேன்.

அன்று அவர் காலை பதினொரு மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை. பண்டிகைக்கு எடுத்த சட்டை என்று இப்போது தோன்றுகிறது. மேடையின் இடது பக்கம் ஆம்ப்பை வைத்து, வயர்களைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்தார். நான் வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது இன்னும் அழகாக இருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு, விருந்தினர் நாற்காலிகள் போட இடம் போதவில்லை என்று ஆம்ப்பை வலது பக்கம் தள்ளச் சொன்னார்கள். தங்கதுரை அப்போது அங்கே இல்லை. மனைவியையும் மகளையும் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிவரப் போயிருந்தார். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் சிவபிரகாஷும் ஆம்ப்பை நகர்த்தினோம். ரிவெர்ப் பெடலின் அடாப்டர் வயர் புதிய இடத்திலிருந்த பிளக் பாயிண்டுக்கு எட்டவில்லை. சிவபிரகாஷின் பையில் நீள வயரோடு ஒரு அடாப்டர் கிடந்தது. முனை ஒன்றுபோல் இருந்தது. எடுத்துச் செருகினேன். பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது போதும் என்று நினைத்தேன். மேடையில் பேச்சு தொடங்கிவிட்டதால் வாசித்துப் பார்க்கவும் முடியவில்லை.

எங்கள் முறை வந்தது. பெயர் சொல்லி அழைத்தார்கள், கைதட்டினார்கள். டிரம்ஸ் நாலு எண்ணியது. நான் முதல் தந்தியை மீட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி மீட்டினேன். கிட்டாரில் வால்யூமைத் திருகினேன். டிரம்ஸும் பேஸும் கொஞ்ச தூரம் போய், என்னைப் பார்த்து நின்றன. லேசாக ஏதோ கருகிய வாசனை. வயர் இரண்டையும் பிடுங்கினால் போதும் என்று அவர் சொன்னது அந்த நேரத்தில் மனதில் எழவே இல்லை. முன் வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம். நானூறு பேர் சும்மா இருந்தார்கள். எனக்கு முன்னால் மைக் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க, ஒரு சின்னப் பிரச்சனை" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க யூனிட் எலக்ட்ரீசியன் செட் பண்ணிக் குடுத்தாரு. யூனிட்லயும் இப்படித்தானுங்க. அவரு கை வெச்சா மெஷின் நின்னுரும்."

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு. எல்லோருக்கும் யூனிட் இருக்கிறது, எல்லோரிடமும் எலக்ட்ரீசியன் இருக்கிறார். அந்தச் சிரிப்பில் என் மேல் இருந்த பார்வை கழன்று போனது. எனக்கு மூச்சு வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. சந்தோஷமாகவே இருந்தது.

அப்பா எழுந்து பின்னால் திரும்பி, "ஏப்பா தங்கதொரை, எங்கப்பா போனே? சோறு திங்கத்தான் வந்தியா?" என்று சத்தமாகக் கேட்டார். இன்னொரு சிரிப்பு.

தங்கதுரை கடைசி வரிசையிலிருந்து வந்தார். நடுப்பாதையில் வராமல் சுவரோரமாகவே நடந்து, பக்கப் படியில் ஏறினார். என்னைத் தாண்டிப் போய்க் குனிந்து, ஆம்ப்பின் பின்னாலிருந்து இரண்டு வயரையும் உருவினார். ஸ்பீக்கர் 'ம்ம்' என்று உயிர் பெற்றது. எல்லாம் பத்து விநாடி. அப்புறம் பிளக் பாயிண்டிலிருந்த அடாப்டரைக் கழற்றி, அதில் இருந்த பொடி எழுத்தைக் கையைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை யார் செருகியது என்று விசாரிக்கிற பார்வைகூட இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. அடாப்டரை ஆம்ப்பின் மேல் வைத்தார்.

"வாசிங்க சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

மைக் அப்போதும் என் முன்னால்தான் இருந்தது. தப்பு என்னுடையது என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நான் வாசிக்கத் தொடங்கினேன். ரிவெர்ப் இல்லாமல், வறண்டு, எல்லாப் பிழையோடும் நாலு பாட்டு. இரண்டாவது பாட்டின் நடுவில் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து போவதைப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் நீலப் பாவாடை சட்டையில் ஒரு சிறுமி. பின்னால் அந்த வெள்ளைச் சட்டை.

விழா முடிந்து சாமான்களைக் கட்டும்போது சிவபிரகாஷ் அடாப்டரைக் கையில் எடுத்துப் பார்த்தான். "டேய், இது பதினெட்டு வோல்ட்டுடா. உன் பெடலுக்கு ஒம்பதுதானே?"

"ம்."

சிவபிரகாஷ் வயரைச் சுருட்டினான். "சரி உடு" என்று அதைப் பைக்குள் போட்டான். "எலக்ட்ரீசியன்தானே. இதையெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிருக்கப் போறான்?"

திங்கட்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வராவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஏழே முக்காலுக்கு எப்போதும் போல் வந்து, கைரேகை வைத்து, "வணக்கமுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பேனல் ரூமுக்குப் போனார். பத்து மணிக்கு அவரை மாடிக்குக் கூப்பிட்டேன்.

"நேத்து கொஞ்சம் டென்ஷன்ல இருந்தேன், தங்கதுரை."

"பரவால்லீங்க சார்."

"சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"பரவால்லீங்க. எட்டாம் நம்பர் மெஷின்ல சென்சார் மாத்தோணும். போகட்டுங்களா?"

போகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுவிட்டதாக அன்று முழுவதும் என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

யாரோ அந்த மேடையை ஃபோனில் எடுத்து சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். இருபது விநாடி. நான் பேசுவதும், சிரிப்பும், அவர் சுவரோரமாக வருவதும் இருந்தது. இரண்டு நாளில் அது எங்கள் யூனிட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சூப்பர்வைசர் கந்தவேல் திருநெல்வேலிக்காரர், கேலி பேசுவதில் சூரர். நூல் அறுந்து ஒரு மெஷின் நின்றால் போதும், "அண்ணே, நீங்க கிட்ட வராதீய, மத்ததும் நின்னுரப் போவுது" என்பார். ஒடிசாப் பையன்கள்கூடப் பழகிக்கொண்டார்கள். தங்கதுரை ஸ்குரூடிரைவரோடு வந்தால் மெஷின் மேல் கையை விரித்து, "பாய், சூனா மத், சூனா மத்" என்று தொட விடாமல் மறிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே அடங்கியிருக்கும். இறங்கிப் போனால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஆகவே இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பேனல் ட்ரிப் ஆகி, பாதி யூனிட் ஒரு மணி நேரம் நின்றது. லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கியதுதான் காரணம். அந்தத் தெரு முழுக்கவே அன்று அப்படித்தான். அப்பா ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"வேற எலக்ட்ரீசியன் ஒருத்தனப் பாரு, தரணி."

"ஏனுங்கப்பா?"

"ஏனா? அவன் கை வெச்சா மெஷின் நின்னுருதுன்னு நீதானே சொன்னே? ஆறு வருசமா எங்கிட்டச் சொல்லாம மேடையேறிச் சொல்லிட்டு இருக்கறே."

"அது சும்மா சொன்னதுங்க."

"சும்மா ஒருத்தன் அத்தன பேர்த்துக்கு முன்னால சொல்லுவானா?"

முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அடாப்டரை மாற்றியது நான்தான், பெடல் கருகியது என்னால்தான், அவர் அப்போது மண்டபத்திலேயே இல்லை என்றேன். அப்பா என்னையே பார்த்தார். சாந்தமாகத்தான் பேசினார்.

"சரி. அவனை நிறுத்த வேண்டாம். ஆனா இதை வெளிய சொல்லிட்டுத் திரியாதே. அவனுகளை வெக்கற எடத்துல வெக்கோணும். நீ போய்த் தலையக் குனிஞ்சீன்னா நாளைக்கு ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

அவர் சொன்னதை விட, அது எனக்கு நிம்மதியாக இருந்ததுதான் பிறகு என்னைக் குடைந்தது. சொல்ல வேண்டாம் என்று ஒருவர் உத்தரவு கொடுத்துவிட்டார், இனி என் பொறுப்பில்லை என்று ஒரு நிமிடம் மனது லேசானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் எடுத்துக்கொண்டு தங்கதுரையின் ஊருக்குப் போனேன். தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் தாண்டி உள்ளே இரண்டு கிலோமீட்டர். அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். விசேஷங்களுக்கு வந்திருக்கிறேன். ஆனால் சர்ச் இருக்கும் பக்கத்துத் தெருவுக்குள் அதுவரை திரும்பியதே இல்லை. வழி கேட்டபோது ஒருவர் என் காரையும் என்னையும் பார்த்துவிட்டு, "அங்கீங்களா?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு கை காட்டினார்.

தங்கதுரை வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துணியைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க சார், ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே" என்றார். உள்ளே கூப்பிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். சுவரில் அவர் கிட்டார் மாட்டியிருந்தது. அவர் மனைவி தேவிப்பிரியா வேறொரு பனியன் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் நின்று, "தண்ணி குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

தண்ணீர் தரட்டுமா என்று கேட்கவில்லை. குடிப்பேனா என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. "குடுங்க" என்றேன். ஒரே மூச்சில் குடித்தேன். அப்படிக் குடித்ததும் வேஷமாகத் தெரிந்திருக்குமோ என்று, டம்ளரை எங்கே வைப்பது எனத் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"தங்கதுரை, அன்னைக்கு அடாப்டரை மாத்துனது நான். உங்க மேல பழியப் போட்டுட்டேன்."

"தெரியுமுங்க சார். பதினெட்டுன்னு எழுதியிருந்துச்சே."

"மன்னிச்சுருங்க."

அவர் தரையைப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத் தெரிஞ்சதுதானே. புள்ளைகிட்ட வேணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க." உள்ளே திரும்பி, "தமிழு, இங்க வா கண்ணு" என்றார்.

தமிழ்மதி எட்டாவது படிக்கிறாள். அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். நான் எழுந்து நின்றுகொண்டேன். ஒரு குழந்தையிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"பாப்பா, அன்னைக்கு மேடையில அங்கிள் சொன்னது பொய். உங்கப்பா எல்லாத்தையும் சரியாத்தான் மாட்டிக் குடுத்தாரு. நாந்தான் தப்பான அடாப்டரைச் செருகிக் கெடுத்துட்டேன். ஒம்பது வோல்ட் போடற எடத்துல பதினெட்டு வோல்ட்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா அன்னைக்கு பஸ்ஸுலயே இதைத்தாங்க சொன்னாரு" என்றாள். "ஒம்பதுக்குப் பதினெட்டு போட்டுட்டாங்கன்னு. நாந்தான் நம்பல."

அவள் குரல் இன்னும் இறங்கியது.

"சமாளிக்கறதுக்குச் சொல்றாருன்னு நெனச்சேனுங்க. ஸ்கூல்ல எங்கூடப் படிக்கற புள்ள அந்த வீடியோ காட்டுனப்போ, அது எங்கப்பா இல்லைன்னு சொல்லிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பின்பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது. தேவிப்பிரியா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். தங்கதுரை முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மகள் பள்ளியில் அப்படிச் சொன்னது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்று அவர் கை நாற்காலி முதுகைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. பழியை இறக்கி வைக்க வந்த நான் அங்கேயும் ஒரு வலியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

"போதுமுங்க சார்" என்றார் அவர். "வந்தீங்களே, அது போதும்."

காரில் உட்கார்ந்து, கிளப்பாமலே, சங்கத்து குரூப்பில் எழுதினேன். குடும்ப விழாவில் ஆம்ப் நின்றதற்குக் காரணம் நான் தவறான அடாப்டர் போட்டதுதான், எங்கள் எலக்ட்ரீசியன் தங்கதுரை செய்த வேலையில் குறையே இல்லை, மைக்கில் நான் சொன்னது பொய், வெட்கப்படுகிறேன். இரண்டு மூன்று முறை அழித்து எழுதி அனுப்பினேன். ஐந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் எந்த விழா என்று கேட்டார். அடுத்த நிமிடம் இன்னொருவர் முப்பதாம் நம்பர் நூல் விலை போட்டார். வீடியோவை நானூறு பேர் பார்த்தார்கள், இது அப்படியே மேலே ஏறிப் போய்விட்டது. மறுநாள் ஷிஃப்ட் மாறும்போது மெஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் நிற்க வைத்து அதையே தமிழில் சொன்னேன், இந்தி தெரிந்த ஒருவரை மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னேன். கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டார். தங்கதுரை பேனல் ரூம் கதவருகே நின்றார். அவருக்கு அது கூச்சமாகத்தான் இருந்திருக்கும். அன்றோடு கேலி நின்றது. அப்பா என்னோடு நான்கு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு தங்கதுரை இரண்டு மாதம் இருந்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. மாடிக்கு வந்தால் ஏசியைப் பார்ப்பார், லைட்டைப் பார்ப்பார். மூலையில் இருந்த ஆம்ப்பின் பக்கம் பார்வை போகாது. ஒருமுறை புதுப் பெடல் வாங்கி வைத்து, "ஒருக்கா வாசிச்சுப் பாக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். கையெல்லாம் கிரீஸ்" என்றார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

தீபாவளிக்குப் பிறகு, பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பொறுப்பு கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னார். நான் தடுக்கவில்லை. கடைசி நாள் புதிதாக வந்தவருக்குப் பேனலில் ஒவ்வொரு சுவிட்சாகக் காட்டி எழுதிக் கொடுத்தார். ஐந்தரைக்குக் கிளம்பும்போது நானும் கேட் வரை கூட வந்தேன்.

வெளியே போகும் வேலைக்காரர்களின் பையை வாட்ச்மேன் நல்லான் திறந்து பார்ப்பது எங்கள் யூனிட்டில் வழக்கம். துணியோ ஊசியோ போய்விடக் கூடாது என்று அப்பா வைத்தது. நல்லான் என்னைப் பார்த்தார், தங்கதுரையின் பையைப் பார்த்தார், தயங்கினார்.

"வேண்டாம், உடுங்க" என்றேன் நான்.

தங்கதுரை அதற்குள் பையின் ஜிப்பைத் திறந்து, மேசை மேல் வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினார். டிபன் பாக்ஸ், துண்டு, சொந்த டெஸ்டர், தண்ணீர் பாட்டில், மகளின் போட்டோ ஒட்டிய ஒரு டைரி.

"எல்லாருக்கும் பாக்கறதுதானுங்க சார்" என்றார். "எனக்கு மட்டும் எதுக்கு உடோணும்?"

நல்லான் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தங்கதுரை நிதானமாக எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பினார். நான் கும்பிடக் கையெடுப்பதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டார்.